படலவழித் துணி அச்சு: மேசை அச்சுப்பொறியை மாற்றியமைத்தலும் பேணுதலும்

பனியன் போன்ற ஆடைகளின்மீது பல வர்ணப் படங்களை அச்சிடுவதற்கு நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருவது திரை அச்சு முறையாகும். இம்முறையில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனியே ஒரு திரை தயாரிக்கப்பட வேண்டும். ஆயிரம் பனியன்களுக்கு ஒரே படம் எனில் இச்செலவு பொருட்டன்று. பத்துப் பனியன்கள் மட்டுமே தேவை எனில், திரைகளுக்கு ஆகும் செலவு துணியின் விலையையே விஞ்சிவிடக்கூடும். பள்ளி விளையாட்டுக் குழுவினரும் சிறு கடைக்காரர்களும் கேட்கும் சிற்றளவு வேலைகளைப் பட்டறைகள் பல ஏற்கத் தயங்கியதற்கு இதுவே காரணம்.

இக்குறையை நீக்கும் முறைகளுள் ஒன்று, டி.டி.எஃப். என்று சுருக்கமாக வழங்கப்படும் படலவழி அச்சு. இதில் படம் நேரே துணியில் அச்சிடப்படுவதில்லை. முதலில் ஒரு பிளாஸ்டிக் பிலிமின்மீது அச்சிடப்பட்டு, பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் துணிக்கு மாற்றப்படுகிறது. இதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரங்கள் விலை மிகுந்தவை. ஆதலால், புகைப்படம் அச்சிடுவதற்காக விற்கப்படும் மேசை அச்சுப்பொறியையே இப்பணிக்கு மாற்றியமைக்கும் வழக்கம் சிறு பட்டறைகளில் பரவியுள்ளது. மாற்றியமைக்கும் வேலை ஓரிரு நாட்களில் முடிந்துவிடும். ஆனால், மாற்றியமைத்த பொறி பழுதின்றி உழைப்பதும் சில வாரங்களில் பயனற்றுப்போவதும் அன்றாடப் பராமரிப்பைப் பொறுத்தவை. இதன் காரணங்களை அறிந்துகொண்டால், பராமரிப்பு விதிகள் ஒவ்வொன்றும் எளிதில் விளங்கும்.

முறையின் அடிப்படை

இம்முறைக்குரிய பிலிம், பாலிஎதிலீன் டெரிப்தாலேட் என்னும் பொருளால் ஆனது. அதன் பருமன் பெரும்பாலும் 75 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிலிமின் ஒரு பக்கத்தில், மையைத் தாங்கி நிற்கவும் பின்னர் அதை எளிதில் விட்டுக்கொடுக்கவும் வல்ல பூச்சு இடப்பட்டிருக்கும். இப்பக்கத்தில் படம் இடவலமாகத் திருப்பி அச்சிடப்படுகிறது. முதலில் வர்ண மைகளும், அவற்றின்மேல் வெள்ளை மையும் படிகின்றன.

மை ஈரமாக இருக்கும்போதே, வெப்பத்தில் உருகும் பாலியூரிதேன் பசைத்தூள் அதன்மேல் தூவப்படுகிறது. ஈரமுள்ள இடத்தில் மட்டுமே தூள் ஒட்டும். எஞ்சியது உதறி நீக்கப்படும். பிறகு பிலிமைச் சூடாக்கினால் தூள் உருகி, மையின்மேல் ஒரே சீரான பசைப் படலமாகிறது. இதனைத் துணியின்மேல் கவிழ்த்து வெப்ப அழுத்தியில் வைத்து அழுத்தியபின் பிலிமை உரித்தெடுத்தால், அடுக்குகள் தலைகீழாகத் துணியில் அமைகின்றன: அடியில் பசை, அதன்மேல் வெள்ளை, எல்லாவற்றுக்கும் மேலே வர்ணம்.

வெள்ளை அடுக்கு இன்றியமையாதது. அச்சு மைகள் ஒளி ஊடுருவும் தன்மையுள்ளவை. வெள்ளைக் காகிதத்தில் அவை பளிச்சிடுவது, காகிதம் ஒளியைத் திருப்பி அனுப்புவதனால்தான். கறுப்புத் துணியில் அவ்வாறு திரும்பும் ஒளி இல்லை; மஞ்சளும் சிவப்பும் அங்கே கண்ணுக்குத் தெரியாமலே போகும். காகிதம் செய்யும் வேலையை இங்கே வெள்ளை மை செய்கிறது.

அச்சுத் தலை இயங்கும் விதம்

மை பீச்சும் அச்சுப்பொறிகள் இருவகைப்படும். ஒருவகையில், நுண்ணிய மின்சூடேற்றி ஒன்று மையைக் கணநேரத்தில் கொதிக்க வைத்து, அப்போது தோன்றும் ஆவிக் குமிழியின் விசையால் துளியை வெளியே தள்ளுகிறது. துணி மையில் பிசின் கலந்திருப்பதால், அது இத்தகைய சூடேற்றியின்மேல் பொருக்காகப் படிந்துவிடும். எனவே இவ்வகைப் பொறிகள் இப்பணிக்கு உகந்தவையல்ல.

மற்றொரு வகையில் வெப்பத்துக்கு வேலையில்லை. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றுகிறது என்பதை 1880-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானிகளான ஜாக் கியூரியும் பியர் கியூரியும் கண்டுபிடித்தனர். இதன் மறுதலையும் உண்மை: அத்தகைய பொருளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அதன் வடிவம் சிறிதே மாறுகிறது. பீசோ என்று வழங்கும் அச்சுத் தலையில், மை அறையின் சுவர் இவ்வாறு அசைந்து மையை வெளியே தள்ளுகிறது. எப்சன் பொறிகளில் உள்ளது இவ்வகைத் தலையே. மை சூடாக்கப்படாததால், நீருடன் பிசினும் நிறமியும் கலந்த மைகளையும் இதில் பயன்படுத்த இயலும்.

மாற்றியமைப்பதற்குப் பெரிதும் தேர்ந்தெடுக்கப்பட்டவை எப்சன் எல்-805, எல்-1800 ஆகிய ஆறு வர்ணப் பொறிகள். முன்னது ஏ-4 அளவுக்கும், பின்னது ஏ-3 அளவுக்கும் உரியவை. இவற்றில் ஒவ்வொரு மைக்கும் 90 துவாரங்கள் வீதம் 540 துவாரங்கள் உள்ளன. மிகச் சிறிய துளியின் கொள்ளளவு 1.5 பிகோலிட்டர். உருண்டையாகக் கருதினால் அதன் விட்டம் சுமார் 14 மைக்ரான் ஆகும். மனித ரோமத்தின் பருமன் இதைப்போல் பன்மடங்கு. இத்துணை நுட்பமான துவாரங்களின் வழியாகவே பிசினும் நிறமியும் கலந்த மை செல்ல வேண்டியிருக்கிறது என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

ஆறு வர்ணப் பொறியைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அதில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு அடிப்படை மைகளுடன், வெளிர் சயான், வெளிர் மெஜந்தா என்னும் இரண்டும் உள்ளன. புகைப்படத்துக்குத் தேவையான இவ்விரு வெளிர் மைகளும் துணி அச்சுக்கு அவசியமல்ல. அவற்றின் பாதைகளில் வெள்ளை மை நிரப்பப்படுகிறது. நான்கு மைகள் மட்டும் கொண்ட பொறியில் வெள்ளைக்கு இடம் கொடுக்க ஒரு வர்ணத்தை இழக்க நேரிடும்.

கணிப்பொறியிலிருந்து அச்சிடச் சொல்லும் வழக்கமான மென்பொருளுக்கு வெள்ளை என்று ஒரு மை இருப்பது தெரியாது. ஆதலால் ரிப் எனப்படும் தனி மென்பொருள் தேவைப்படுகிறது. படத்தை வர்ணவாரியாகப் பிரிப்பதும், வெள்ளை எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று கணக்கிடுவதும், வர்ணத்துக்குப் பின்னரே வெள்ளை விழுமாறு முறைப்படுத்துவதும் அதன் வேலை. வெள்ளை அடுக்கின் விளிம்பு வர்ணத்தின் விளிம்பைவிட ஓரிரு புள்ளிகள் உள்ளடங்கி இருக்குமாறும் அதில் அமைத்துக்கொள்ளலாம். இல்லாவிடில் படத்தைச் சுற்றி வெள்ளைக் கரை தெரியும்.

மாற்றியமைக்கும் வேலை

முதலாவதாக, பொறியின் துவாரங்கள் அனைத்தும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சோதனைத்தாள் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். தலையில் ஏற்கெனவே குறையுள்ள பொறியை மாற்றியமைப்பது வீண் செலவு. மை எதுவும் நிரப்பப்படாத புதிய பொறியே சிறந்தது. பழைய பொறியாயின், குழாய்களிலும் தலையிலும் எஞ்சியுள்ள மையைக் கழுவு திரவத்தால் முற்றிலும் வெளியேற்ற வேண்டும். வேறுபட்ட ரசாயனச் சேர்க்கையுள்ள இரு மைகள் கலந்தால், பால் திரிவதுபோல் நிறமி திரண்டு துவாரங்களை அடைத்துவிடக்கூடும்.

இரண்டாவதாக, பிலிம் செல்லும் பாதையைச் சரிசெய்தல் வேண்டும். தாள் வெளிவரும் இடத்தில், நட்சத்திர வடிவில் பல்லமைந்த சிறு சக்கரங்கள் தாளை மேலிருந்து அழுத்துகின்றன. காகிதம் மையை உடனே உறிஞ்சிக்கொள்வதால் அங்கே இவற்றால் தீங்கில்லை. பிலிமிலோ மை ஈரமாகவே நிற்பதால், இச்சக்கரங்கள் படத்தின்மேல் கோடுகளை இழுத்துவிடும். எனவே அவை கழற்றப்படுகின்றன. அவற்றுக்கு ஈடாக, பிலிம் மேலெழும்பாதபடி அதனைத் தட்டையாகப் பிடித்து வைக்க, காற்றை உறிஞ்சும் தட்டோ வேறு ஏற்பாடோ அமைக்க வேண்டும். பிலிமின் ஓரம் சுருண்டு எழுந்தால் அது அச்சுத் தலையில் உரசும்; ஒரே உரசலில் தலையின் முகப்புத் தகடு கெட்டுப்போகலாம். அச்சிட்ட பகுதி வெளிவரும் இடத்தில் மிதமான சூடு தரும் தட்டு ஒன்றை வைத்தால், மை பரவி வழியாமல் நிலைகொள்ளும். இச்சூடு தலையைத் தாக்குமாறு அமைந்துவிடலாகாது. அமைந்தால் துவாரத்திலேயே மை காய்ந்துவிடும்.

மூன்றாவதாகக் கவனிக்கத்தக்கது மைத் தொட்டியின் உயரம். துவாரத்தின் வாயில் மை வழியாமலும், உள்ளே பின்வாங்காமலும் நிற்பதற்குக் காரணம், தொட்டியின் மைமட்டம் தலையைவிடச் சற்றுத் தாழ்வாக இருப்பதே. நீரின் மட்டத்தில் 10 சென்டிமீட்டர் வேறுபாடு ஏற்பட்டால் அழுத்தத்தில் ஏறத்தாழ 1,000 பாஸ்கல் வேறுபாடு உண்டாகும். தொட்டியைத் தலைக்கு மேலே உயர்த்தினால் மை தானாகவே சொட்டும்; மிகத் தாழ்த்தினால் துவாரங்கள் காற்றை உள்ளிழுக்கும். கலக்கும் கருவியோடு கூடிய புதுத் தொட்டியைப் பொருத்துவோர், பழைய தொட்டியின் மட்டத்தை அளந்து குறித்துக்கொண்டு அதே மட்டத்தில் புதியதை வைத்தல் நலம்.

நான்காவதாக, கழிவு மை. தலையைச் சுத்தம் செய்யும்போது வெளியேறும் மை, பொறியின் அடியிலுள்ள பஞ்சு மெத்தையில் சேர்கிறது. மாற்றியமைத்த பொறியில் கழிவு மிகுதியாதலால், அக்குழாயை வெளியே கொண்டுவந்து ஒரு குப்பியில் விடுதல் வேண்டும். இறுதியாக ஓர் எச்சரிக்கை: அச்சுத் தலையோடு இணையும் பட்டை மின்கம்பியின் முனையில் ஒரு துளி மை பட்டாலும் குறுக்கோட்டம் ஏற்பட்டு, தலையும் மின்சுற்றுப் பலகையும் ஒருங்கே எரிந்துபோகலாம். இத்தகைய மாற்றங்களைச் செய்த பொறிக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதத்தை எதிர்பார்த்தலும் இயலாது.

வெள்ளை மை ஏன் தொல்லை தருகிறது?

பராமரிப்பில் எழும் இடர்களுள் பெரும்பாலானவை வெள்ளை மையால் விளைபவை. இதற்குரிய நிறமி டைட்டானியம் டை ஆக்ஸைடு. இதன் ரூட்டைல் வகையின் ஒளிவிலகல் எண் சுமார் 2.7, சுற்றியுள்ள பிசினின் எண்ணோ ஏறத்தாழ 1.5. இவ்வேறுபாட்டினால் இந்நிறமி ஒளியை நன்கு சிதறடித்து, மெல்லிய படலத்திலும் பின்புறத்தை மறைக்கிறது. ஆனால் இவ்வாற்றல் உச்சநிலையில் இருப்பது துகளின் விட்டம் ஒளியலையின் நீளத்தில் சுமார் பாதியாக, அதாவது 0.2 முதல் 0.3 மைக்ரான் வரை, இருக்கும்போதுதான். இதனைவிட நுண்ணியதாக அரைத்தால் மறைக்கும் திறன் குறைந்துவிடும்.

துகள் பெரிதாகவே இருக்க வேண்டும் என்பது ஒரு புறம். மறுபுறம், அது மிகக் கனமானது. ரூட்டைலின் அடர்த்தி நீரைப்போல் 4.2 மடங்கு. திரவத்தில் சிறு கோளம் ஒன்று எவ்வளவு வேகத்தில் அமிழும் என்பதை ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-இல் கணித்துக் கூறினார். வேகம், துகளின் ஆரத்தின் வர்க்கத்துக்கும் அடர்த்தி வேறுபாட்டுக்கும் நேர்விகிதத்திலும், திரவத்தின் பாகுநிலைக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும். நீரைப்போல் நான்கு மடங்கு பாகுநிலையுள்ள மையில், 0.25 மைக்ரான் விட்டமுள்ள டைட்டானியத் துகளுக்கு இவ்விதியைப் பொருத்தினால், அது ஒரு நாளில் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அமிழும் என்று கிடைக்கிறது. 0.1 மைக்ரான் விட்டமும், நீரைப்போல் ஒன்றரை மடங்கு அடர்த்தியும் உள்ள வர்ண நிறமி, அதே நாளில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் அமிழும். மையில் சேர்க்கப்படும் துணைப்பொருள்கள் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுத்து அமிழ்தலைத் தாமதிக்கச் செய்யினும், வெள்ளைக்கும் வர்ணத்துக்கும் இடையேயுள்ள இப்பெரும் வேறுபாடு மறைவதில்லை.

இரண்டு மில்லிமீட்டர் என்பது தொட்டியில் அற்பமே. ஆனால் மைக்குழாயின் உட்புறமே சில மில்லிமீட்டர் அகலந்தான். தலையினுள் உள்ள வாய்க்கால்களோ அதனினும் மிகக் குறுகியவை. எனவே, ஓரிரு நாள் பொறியை நிறுத்தி வைத்தால் தொட்டியில் மை நன்றாகத் தோன்றினும், குழாயிலும் தலையிலும் நிறமி அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர்மமே நிற்கும். அடியில் இறுகிய படிவு மீண்டும் எளிதில் கலப்பதில்லை. "தொட்டியைக் குலுக்கினேனே, பின்னும் வெள்ளை மங்கலாக விழுகிறதே" என்று தொழில் செய்வோர் குறைப்படுவதன் காரணம் இதுவே. இதற்காகவே, பெரிய இயந்திரங்களில் வெள்ளை மையைப் பம்பு ஒன்றினால் இடைவிடாது சுற்றியோடச் செய்கின்றனர். மேசைப் பொறியில் தொட்டிக்குள் மெல்லச் சுழலும் கலக்கி வைப்பது உதவும். குழாயிலுள்ள மைக்கோ நாள்தோறும் அச்சிடுதலே மருந்து.

நாள்தோறும் செய்யத்தக்கவை

காலையில் பொறியை இயக்குமுன் வெள்ளை மைத் தொட்டியை மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் காற்றுக் குமிழிகள் உண்டாகும். மை அறையில் குமிழி ஒன்று புகுந்துவிட்டால், சுவர் தரும் அழுத்தத்தை அது சுருங்கி ஏற்றுக்கொள்வதால் துளி வெளிப்படுவதில்லை. அடைப்பே இல்லாத துவாரமும் இவ்வாறு செயலற்றுப்போகும்.

அடுத்துச் சோதனைத்தாள் அச்சிட்டு, கோடுகள் விடுபட்ட இடங்களை நோக்குதல் வேண்டும். வெள்ளைக் கோடுகள் தெரிவதற்கு ஒளி ஊடுருவும் பிலிமை உபயோகித்து, அதனைக் கறுப்புத் தாளின்மேல் வைத்துப் பார்க்கலாம். விடுபடும் கோடு ஒவ்வொரு சோதனையிலும் இடம் மாறினால் அது காற்றின் அறிகுறி. எப்போதும் ஒரே இடத்தில் விடுபட்டால் அடைப்பின் அறிகுறி. தொடக்கத்தில் நன்றாக விழுந்து, அச்சிட அச்சிட ஒரு வர்ணம் முழுதும் மங்கினால், மை போதிய அளவில் தலைக்கு வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். மை வடிகட்டியாகிய டாம்பரை மாற்றிப் பார்க்க வேண்டும். நோயை அறியாமல் தலையைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தால் மைதான் விரயமாகும். இரண்டு மூன்று முறைக்கு மேல் பலனில்லாவிடில், சில மணி நேரம் பொறியை ஓய்வாக விட்டுப் பின்னர் முயல்வதே தக்கது. காற்றுக் குமிழிகள் பல இவ்வோய்வில் தாமே அகன்றுவிடும். எக்காரணங்கொண்டும் ஊசி போன்றவற்றால் துவாரங்களைத் தீண்டலாகாது.

மாலையில் வேலை முடிந்ததும், தலையை மூடும் ரப்பர் மூடியையும் தலையைத் துடைக்கும் ரப்பர் பட்டையையும் கழுவு திரவம் தோய்ந்த பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். மூடியின் விளிம்பில் பிசின் காய்ந்திருந்தால் அது தலையோடு இறுகப் பொருந்தாது. இரவெல்லாம் தலை காற்றில் உலரும். மூடியினுள் சில துளி கழுவு திரவத்தை விட்டுப் பொறியை நிறுத்துதல் நன்று. தலை நகரும் பாதையில் நுண்கோடுகளிட்ட பிளாஸ்டிக் நாடா ஒன்று உண்டு. தலை எவ்விடத்தில் இருக்கிறது என்பதைப் பொறி இதைப் படித்தே அறிகிறது. மைத்தூவானம் இதில் படிந்தால் தலை வழிதவறி மோதும். எனவே, வாரம் ஒருமுறை ஈரத்துணியால் அதனை மென்மையாகத் துடைப்பது நலம். பல நாள் வேலை நடவாதென்று தெரிந்தால், வெள்ளை மையை வெளியேற்றி, அதன் பாதைகளைக் கழுவு திரவத்தால் நிரப்பி வைத்தலே பாதுகாப்பு.

காலநிலையும் மின்சாரமும்

காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவிகிதம் வரை இருப்பது உகந்தது. மழைக்காலத்தில் கடற்கரைப் பகுதிகளில் ஈரப்பதம் இதனை மிகவும் மிஞ்சும். அப்போது பிலிமின் பூச்சு ஈரத்தை ஏற்கிறது. பசைத்தூள் கட்டிதட்டிப் படமில்லாத இடத்திலும் ஒட்டுகிறது. பிலிமையும் தூளையும் காற்றுப் புகாத உறைகளில் வைத்து, வேண்டியபோது மட்டும் எடுக்க வேண்டும். வடநாட்டின் கோடைக்காலத்திலோ நேர்மாறான இடர்: வறண்ட காற்றில் துவாரத்து மை விரைவில் காய்கிறது, பிலிமில் நிலைமின்சாரம் ஏறி, தூளைக் கண்டபடி இழுக்கிறது. அறையில் ஈரமூட்டும் கருவியும், பொறிக்குச் சரியான நிலத்தொடர்பும் இதற்குப் பரிகாரம்.

அச்சிடும்போது மின்சாரம் நின்றுவிட்டால், தலை மூடியின்றி நடுவழியில் நிற்கும். சில மணி நேரம் அவ்வாறு நின்றால் வெள்ளை மையின் துவாரங்கள் இறுகிவிடக்கூடும். ஆதலால் மின்கலச் சேமிப்புடன் கூடிய யு.பி.எஸ். கருவி, ஆடம்பரமன்று, அவசியமேயாகும். அது இல்லாதவிடத்துத் தலையைக் கையால் மெதுவாக நகர்த்தி மூடியின்மேல் கொண்டு நிறுத்தலாம். பொறியை நிறுத்தும்போதும் சுவரிலுள்ள சுவிட்சை நேரே அணைத்துவிடாமல், பொறியின் பொத்தானை அழுத்தி, தலை தன் மூடியில் சென்று அமர்ந்தபின்னரே மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

உருக்குதலும் அழுத்துதலும்

பசைத்தூளை உருக்க, 110 முதல் 130 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் இரண்டு மூன்று நிமிடங்கள் பெரும்பாலும் போதுமானவை. மேற்பரப்பு மணல்போல் தோன்றினால் உருகல் போதவில்லை. ஆரஞ்சுப் பழத்தோல்போல் மினுமினுத்தால் பதம் சரி. துணியில் அழுத்துவது 150 முதல் 165 டிகிரியில், 10 முதல் 15 விநாடிகள். பிலிம் சுமார் 250 டிகிரிக்கு மேல்தான் உருகுமாதலால் இச்சூட்டைத் தாங்கும். சூடாக இருக்கும்போதே உரிக்க வேண்டிய பிலிமும் உண்டு. ஆறியபின் உரிக்க வேண்டியதும் உண்டு. இதனைத் தயாரிப்பாளரின் குறிப்பில் காணலாம். உரித்தபின் மெல்லிய தாள் வைத்து மீண்டும் சில விநாடிகள் அழுத்தினால் பிடிப்பு உறுதிப்படும். சலவையில் படம் உரிந்து வருவதற்குப் பெரும்பாலும் காரணம், இவ்விரு கட்டங்களில் ஒன்றில் வெப்பமோ நேரமோ குறைந்தமையே.

உருக்கும்போது மையிலுள்ள கிளைக்கால்கள் ஆவியாகிப் புகையுண்டாகும். இவ்வேலையை மூடிய அறையில் செய்தல் கூடாது. புகை வெளியேற விசிறியும் குழாயும் வேண்டும். பசைத்தூள் நுண்ணியதாதலின், தூவுவோர் முகக்கவசம் அணிய வேண்டும். உணவு சமைக்கும் அடுப்பை இதற்குப் பயன்படுத்துவதும், இதற்குப் பயன்பட்டதில் பின்னர் உணவு சமைப்பதும் முற்றிலும் தவிர்க்கத்தக்கவை.

யாருக்கு ஏற்றது?

மாற்றியமைத்த பொறியில் விலையுயர்ந்த உறுப்பு அச்சுத் தலையே. அது கெட்டால் பொறியையே புதிதாக வாங்க நினைக்குமளவுக்குச் செலவாகும். கடன் பெற்றுத் தொழில் தொடங்குவோர் இதனை முன்கூட்டியே கணக்கில் சேர்த்தல் வேண்டும். அன்றாடம் சிறிதளவாயினும் அச்சு வேலை உள்ளவர்களுக்கு இப்பொறி பலனளிக்கும். மாதத்துக்கு ஓரிரு முறை மட்டும் வேலை வருமாயின், அச்சிட்ட பிலிமைப் பிறரிடம் வாங்கி, வெப்ப அழுத்தி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதே சிக்கனமான வழி. ஏனெனில் வேலை இல்லாத நாளிலும் வெள்ளை மை அமிழ்ந்துகொண்டேயிருக்கும்.